முதல் ஸ்லைடில் அம்மா

நான் வளர்ந்த காலத்தில் என் அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்துப் பார்த்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், மூன்று வருடங்களாக நான் மேடை மேடையாக ஏறிச் சொல்லிக்கொண்டிருப்பது இதற்கு நேர்மாறு. அம்மாவுக்குப் பதுளை டவுனில் தையல் கடை இருக்கிறது. பாடசாலைச் சீருடை, சாரி பிளவுஸ், முதல்நன்மை வாங்கப் போகும் பிள்ளைகளின் வெள்ளைக் கவுன் என்று கை ஓயாத வேலை. இரண்டு மெஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, துணி வெட்ட ஒரு நீள மேசை. நான் வளர்ந்தது அந்த மேசைக்கு அடியில்தான்.

பதுளையைத் தாண்டினால் இதை யாரும் நம்பமாட்டார்கள். கொழும்பில் "பதுளை, தமிழ்" என்று இரண்டு சொல் சொன்னால் போதும், கேட்பவரின் கண்ணில் நம் முதுகில் கொழுந்துக் கூடை ஏறிவிடும். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் இதற்காகச் சண்டை போட்டேன். இரண்டாம் வருடம் அலுத்துவிட்டது. அதன் பிறகு சிரித்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டேன். அப்படிப் பழகியதுதான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

படிப்பு முடிந்து நானும் ஒரு தோழியும் தொடங்கிய தொழில் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. தோட்டங்களில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலத்தில் லீக்ஸ், போஞ்சி, பீட்ரூட், சலாது என்று போட்டிருப்பார்கள். கூப்பிடு தூரத்தில் எல்ல என்ற சுற்றுலா ஊர் இருக்கிறது. அங்கே வெள்ளைக்காரர்கள் தங்கும் கெஸ்ட்ஹவுஸ்களுக்கு மரக்கறி ஊரெல்லாம் சுற்றி, வாடி வதங்கி வந்து சேரும். இந்த இரண்டு பக்கத்தையும் ஓர் ஆப்பில் இணைத்தோம். காலையில் சமையல்காரர் போனில் கேட்டால் மத்தியானத்துக்குள் தோட்டத்து லீக்ஸ் அவர் குசினி வாசலில் இருக்கும். ஆப்பை எழுதியவள் என்னோடு படித்த பண்டாரவளைத் தோழி, சிங்களப் பெண். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி வீடுகளைச் சேர்த்தது நான். நாற்பது வீடு சேர்ந்ததும் மூச்சு முட்டியது. சொந்தமாக வண்டி வேண்டும், ஆள் வேண்டும். முதலீடு தேடாமல் இனி ஓரடி நகர முடியாது என்ற நிலை. அதற்குள் தோழி தன் வங்கி வேலையை விட்டுவிட்டாள். அவள் வீட்டில் ஒரு மாதமாக அவளோடு யாரும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

முதலீட்டாளர்களின் மனதை ஐந்து நிமிடத்தில் பிடிப்பது எப்படி என்று கொழும்பில் ஒரு பயிற்சி நடந்தது. இருவரும் போனோம். பயிற்சி தந்தவர் சுறுசுறுப்பான மனிதர், ஆங்கிலம் தவிர வேறு பேசமாட்டார். எங்கள் ஸ்லைடுகளை விறுவிறுவென்று தள்ளிப் பார்த்தார். நான் மூன்று நாள் உட்கார்ந்து போட்ட வரைபடங்களில் அவர் விரல் நிற்கவே இல்லை. எல்லாம் சரி, நீ யார் என்று கேட்டார். பதுளை என்றேன். அப்பா அம்மா? அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா பூனாகலைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவர், வயசுப் பிள்ளையாக இருந்தபோது கொழுந்து எடுத்தவர், பிறகு கன்னியாஸ்திரிகளிடம் தையல் பழகி டவுனுக்கு வந்து... தையல் என்றதும் கையைத் தூக்கி என்னை நிறுத்திவிட்டார். ஐந்து நிமிடத்துக்குள் தையல் கடைக்கு இடம் கிடையாது, அது கதையைக் குழப்பும் என்றார்.

அன்று மாலையே முதல் ஸ்லைடு மாறியது. பனிமூட்டம், தேயிலை, கூடை, சிரிக்கிற ஒரு முகம். இணையத்தில் எடுத்த படம், யார் பெற்ற தாயோ. அதற்குக் கீழே, என் அம்மா கொழுந்து எடுக்கிறார், அவருடைய கொல்லையில் விளைவதை நான் உங்கள் மேசைக்குக் கொண்டுவருகிறேன் என்று பயிற்சி தந்தவரே ஆங்கிலத்தில் எழுதிப் போட்டார். ஒத்திகையில் அதை வாசித்தேன். அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்த மற்றக் குழுக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது.

திரும்பி வரும் ரயிலில் தோழி, உன் அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டாள். ஆங்கிலத்தில் ஒரு வரி, கொழும்பில் ஒரு ஹோட்டல் அறைக்குள் ஐந்து நிமிடம், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

அம்மாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். பதினாறு வயதிலிருந்து இருபத்துநாலு வரை அவர் மலையில் வேலை செய்தார். இறங்கி வந்த பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. லயம் என்ற சொல் அவர் வாயில் வராது, "அங்க" என்பார். கிறிஸ்மஸுக்கும் சாவுக்கும் மட்டும் அங்கே போவார். மடிப்புக் கலையாத சாரி, குதி உயர்ந்த செருப்பு, கையில் பேக். எவ்வளவு வற்புறுத்தினாலும் தங்கமாட்டார், கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார். எனக்கு வந்த ஒரு நல்ல வரனை, பையன் குடும்பம் இன்னும் தோட்டத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வாசலோடு அனுப்பியவர். பையன் பாங்க் மேனேஜர் என்பது அவர் காதில் ஏறவே இல்லை. எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. பிறந்த இடத்தை இப்படியா வெறுப்பது என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன். அவர் மெஷினை மிதித்தார்.

நிஜமான மேடை அதே மாதம் வந்தது. பத்துக் குழுக்கள் பேசின. எங்களுக்கு முன்னால் பேசிய பையன்கள் என்னைவிட நூறு மடங்கு கெட்டிக்காரர்கள், அவர்களுடைய கணக்குகள் பளபளத்தன. நான் முதல் ஸ்லைடைப் போட்டு அந்த வரியைச் சொன்னேன். முன் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முடிந்த பிறகு அவரும் அவருடைய நிறுவனத்துப் பங்காளி ஒருவரும் எங்களைத் தேடி வந்தார்கள். இருவரும் மரியாதையானவர்கள். அவர்களைக் கெட்டவர்களாக்கி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. முதலீடு செய்ய விருப்பம், ஆனால் இடத்தைப் பார்க்கவேண்டும் என்றார்கள்.

பத்து நாள் கழித்து அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்த வார இறுதியில் எல்லவுக்கு வருகிறோம், தோட்டங்களைப் பார்க்கவேண்டும், முக்கியமாக உங்கள் அம்மாவை அவர் வேலை செய்யும் இடத்தில் சந்திக்கவேண்டும் என்று இருந்தது. கடையில் உட்கார்ந்துதான் இதைப் படித்தேன். ஐந்தடி தள்ளி அம்மா ஒரு கவுனுக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருக்கிறதே, காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அதற்கு மேல் அந்தக் கடைக்குள் இருக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை போனை எடுத்தேன். சொன்னால் முதலீடு போகும், அது மட்டுமல்ல, பொய்க்காரி என்ற பெயரும் வரும். தோழியின் வேலை ஏற்கெனவே போய்விட்டது. எங்களை நம்பி நாற்பது வீடுகள் கூடுதலாகப் பாத்தி வெட்டி விதை போட்டிருந்தார்கள், நான்தான் போடச் சொன்னேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவரின் முகம் நின்றது.

கடைசியில் கண்டுபிடித்த வழி சின்னம்மா. அம்மாவின் ஒரே தங்கை, இன்னமும் பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்தில் பேர்பதிந்து கொழுந்து எடுக்கிறவர். எங்கள் முறையில் அம்மாவின் தங்கையும் அம்மாதான், சின்ன வயதில் அவரை நான் அம்மா என்றே கூப்பிட்டுத் திரிந்திருக்கிறேன். ஆகவே அவரைக் காட்டி அம்மா என்று சொன்னால் அது பாதிதான் பொய் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஒரு மணி நேரம் எனக்கு அம்மாவாக நிற்க முடியுமா என்று போய்க் கேட்டபோது சின்னம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "நிக்கிறேன். ஆனா அக்காகிட்ட நீயே சொல்லிரு, எங்கிட்ட விடாத" என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி முதலீட்டாளர்களுக்கு எழுதினேன். அம்மா ஞாயிறு பூசையை ஒருநாளும் விட்டதில்லை, அந்த நேரத்தில் அவர் கோயிலில் பத்திரமாக இருப்பார் என்ற கணக்கு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மலையில் வேலை கிடையாது. காலியான மலையில் ஒருத்தி மட்டும் கூடையோடு நின்றால் தோட்டத்து நாய்கூடச் சிரிக்கும். கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு அது தெரியாது என்பதுதான் என் தைரியம். தோட்ட நிர்வாகியான தொரையின் ஆபீசில் மரக்கறிக் கொல்லை பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று சொல்லி அனுமதி வாங்கினேன். வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் போட்டோ பிடிக்க என்றேன்.

அடுத்த சிக்கல் கூடை. இப்போது அந்தத் தோட்டத்தில் யாரும் கூடை கட்டுவதில்லை, எல்லாருக்கும் கொழுந்துப் பைதான். என் முதல் ஸ்லைடிலோ கூடை இருக்கிறது. லயம் முழுக்கக் கேட்டும் ஒரு நல்ல கூடை கிடைக்கவில்லை. கடைசியில் எல்லவில், வெள்ளைக்காரிகளுக்குச் சாரி கட்டி, முதுகில் கூடை மாட்டிப் படம் எடுத்துக்கொடுக்கும் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தேன். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நான் போன கோலத்தைப் பார்த்த யாருக்கும் விஷயம் விளங்காமல் இருந்திருக்காது.

விளங்கத்தான் செய்தது. தோட்டத்திலிருந்து ஒரு அக்கா வெள்ளிக்கிழமை கவுன் எடுக்கக் கடைக்கு வந்தபோது, ஒங்க தங்கச்சிக்குக் கூடை எதுக்கு, ஒங்க மக தேடித் திரியுதே என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரியும். சனிக்கிழமை பகல், பண்டாரவளையில் தியானம் இருக்கிறது, ஞாயிறு மாலைதான் வருவேன் என்று அம்மா கடையைப் பூட்டிவிட்டுப் பையோடு கிளம்பினார். அவரை பஸ் ஏற்றிவிட்டு, அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன்.

ஞாயிறு காலை வேன் தோட்டத்து ரோட்டில் குலுங்கிக் குலுங்கி ஏறியது. முதலில் கொல்லைகளைப் பார்த்தார்கள். லீக்ஸைப் பிடுங்கி மணந்து பார்த்தார்கள், ஒரு வீட்டில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டார்கள். எல்லாம் நன்றாகவே போனது. பிறகு மலைப் பாதையில் ஏறினோம். பனி லேசாக இருந்தது. முன்பே சொல்லிவைத்த வளைவில், ரோட்டிலிருந்து மூன்றாவது தேயிலை நிரையில் கூடையோடு ஒரு உருவம் குனிந்திருந்தது. அதோ அம்மா என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையைக் காட்டினேன். உருவம் நிமிர்ந்தது. அது அம்மாவேதான்.

பழைய சாரியைத் தூக்கிச் சொருகி, இடுப்பில் சாக்குப் படங்கு சுற்றி, வெறுங்காலோடு நின்றார். கூடைக்கயிறு நெற்றியில் இறங்கியிருந்தது. சின்னம்மா நாலு நிரை தள்ளி நின்று எங்களைப் பார்க்காமல் கீழே ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அந்தக் கூடையைக் கழற்றி எறியவேண்டும் என்று இருந்தது. பின்னால் இரண்டு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். நான் ஓடவில்லை.

அம்மாவின் கை மட்டும் நிற்காமல் ஓடியது. பார்க்காமலே இரண்டு இலையும் மொட்டும் கிள்ளி, பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் கூடைக்குள் போட்டார். இத்தனை வருடத்தில் அந்தக் கை அதை மறக்கவில்லை. பெருமையாகவும் இருந்தது, செத்துப்போகலாம் போலவும் இருந்தது.

அந்தப் பெண்மணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை வருடமாக இந்த வேலை செய்கிறார் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அம்மா என் முகத்தை நேராகப் பார்த்தார். சிரித்த முகம்தான், பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது வெறும் சிரிப்பு.

"எட்டு வருஷம் செஞ்சேன்னு சொல்லு. விட்டு எறங்கி இருபத்தொம்பது வருஷம் ஆச்சுன்னும் சொல்லு. எம்மக இன்னைக்குத் திரும்ப ஏத்திவிட்டிருக்கா, அதையும் சொல்லு."

பதினாறு வயதிலிருந்து என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பெண்மணியின் கண் கலங்கிவிட்டது. மகளைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அடுத்த கேள்வி. "அவ நல்லா இருக்கணும். இதை மாத்தாம அப்படியே சொல்லு" என்றார் அம்மா. அதை மட்டும் ஒரு சொல் மாறாமல் சொன்னேன். என் குரல் உடைந்ததை அவர்கள் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். பாசமும் இல்லாமல் இல்லை. பிறகு அம்மாவையும் என்னையும் சேர்த்து நிற்கவைத்துப் பங்காளி படம் எடுத்தார். சிரியுங்கள் என்றார், இருவரும் சிரித்தோம்.

வேன் இறங்கிப் போனதும் நான் திரும்ப மலைக்கு ஓடினேன். அம்மா படங்கை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார், சின்னம்மா அவர் காலில் ஏறியிருந்த அட்டைகளை உப்புத் தேய்த்து விழுத்திக்கொண்டிருந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள், சின்னம்மாதானே நிற்க வேண்டும் என்று அழுதேன். திட்டுவார், அடித்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன்.

"ஒன்னப் பெத்தவ நான் இருக்கையில இன்னொருத்திய அம்மான்னு காட்டுவியா? கூடையத் தூக்கினாலும் தூக்குவேனே தவிர, அதுக்கு விடமாட்டேன்."

சொல்லிவிட்டு ஓடையில் காலைக் கழுவி, பேக்கிலிருந்து குதி உயர்ந்த செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

முதலீடு கிடைத்தது. வண்டி வந்தது, ஆட்கள் வந்தார்கள், நாற்பது வீடு இருநூறு வீடாகிவிட்டது. சின்னம்மாவின் லீக்ஸ் இப்போது எல்லவில் மூன்று இடத்துக்குப் போகிறது. நல்லது நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இணையத்தில் எடுத்த படம் போய், முதல் ஸ்லைடில் அம்மாவே வந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் இணையதளத்தில், மரக்கறிப் பெட்டிகளின் மேல், வண்டியின் பக்கவாட்டில் எல்லாம் அந்த முகம்தான். ஒரு தடவை, படத்தை மாற்றலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். உங்கள் நிறுவனத்தின் முகமே அதுதானே என்று முதலீட்டாளர்கள் ஆச்சரியப்பட்டார்கள். இன்னொரு தடவை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் எழுதித் தோழியிடம் காட்டினேன். கடைசி வரி வரைக்கும் படித்தாள். இதை அனுப்பினால் வண்டிக்காரர்களுக்கும் இருநூறு வீட்டுக்கும் நீயே போய்ச் சொல்லிக்கொள் என்றாள். அனுப்பவில்லை.

பதுளை சின்ன டவுன். எங்கள் வண்டி பஜார் வழியாகத்தான் போகும். பெரிய ஜவுளிக்கடைக்காரரின் மனைவி, பத்து வருடமாக அம்மாவிடம் பிளவுஸ் தைப்பவர், ஒருநாள் போனில் படத்தைக் காட்டி, இது நீங்களா என்று கேட்டார். நான் கடையில்தான் இருந்தேன். அம்மா அளவெடுத்துக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தாமல், "ஆமாங்க, நான்தான்" என்றார். அந்த அம்மாளுக்கு ரொம்பப் பரிதாபமாகிவிட்டது. அடுத்த தடவை வரும்போது வீட்டில் பழைய சாரி நாலைந்து சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்று நல்ல மனதோடுதான் கேட்டார். அம்மா வேண்டாமென்று மரியாதையாகச் சொன்னார். அவர் போன பிறகு கொஞ்ச நேரம் மெஷின் ஓடவில்லை.

போன வாரம் மறுபடியும் கடிதம் வந்தது. வெளிநாட்டுப் பங்காளிகள் சிலர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களும் தோட்டத்தைப் பார்க்கவேண்டும், அம்மாவைச் சந்திக்கவேண்டும். இனி வருடத்துக்கு ஒருமுறை இதை ஒரு வழக்கமாக வைத்துக்கொள்ளலாமே என்று அந்தப் பெண்மணி அன்போடு எழுதியிருந்தார். இந்தத் தடவை ஒளிக்கக்கூடாது என்று முடிவுசெய்து நேரே கடைக்குப் போனேன். அம்மா வேண்டாம் என்று சொல்லவேண்டும், அவர் சொன்னால் நானும் வேண்டாம் என்று எழுதிவிடலாம், எல்லாம் இன்றோடு முடிந்துவிடும் என்று வழி முழுக்க வேண்டிக்கொண்டே போனேன். விஷயம் முழுவதையும் சொன்னேன். அம்மா மேசை லாச்சியை இழுத்து, உள்ளே இருந்து ஒரு துணிப் பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு சாண் நீளம், உள்ளே பஞ்சு வைத்து, ஓரம் மடித்து, வரிவரியாகத் தையல் ஓடியிருந்தது. அவர் கைவேலை எல்லாவற்றையும் போலத் திருத்தமாக இருந்தது.

"போன தடவை கயிறு நெத்திய அறுத்துருச்சு. அதான் மெத்த வச்சுத் தச்சு வச்சிருக்கேன்" என்றார். "எப்ப வர்றாங்களாம்?"

ஜனவரி கடைசியில் என்று சொன்னேன்.